செட்டிநாட்டு வீட்டைப் பற்றிப் பேச, அந்த வீட்டிலேயே கூடுங்கள்

எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளைப் பற்றி ஊரில் பேச்சு நடத்த விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, மண்டபம் தேடாதீர்கள். வளவுத் தாழ்வாரத்தில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில், பாய் விரித்தால் போதும். தூணும் தரையும் கண்முன்னே இருக்கும்போது படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

நாள்தான் முக்கியம். நாட்டரசன்கோட்டை என்றால், தைப் பொங்கலுக்குப் பின் வரும் செவ்வாய்க்கிழமையில் ஊரே கூடி வைக்கும் செவ்வாய்ப் பொங்கலை ஒட்டி வையுங்கள். சென்னை, மலேசியா என்று பிரிந்து கிடக்கும் பங்காளிகள் அப்போதுதான் ஊரில் இருப்பார்கள். ஒரே வீட்டுக்குப் பல பங்குகள் இருக்கும். ஆகவே ஒருவரிடம் மட்டும் சாவி வாங்கிக்கொண்டு நுழையாதீர்கள். எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பூட்டிய அறைகளைத் திறக்கச் சொல்ல வேண்டாம். சாமி வீட்டைப் படம் எடுக்கவும் வேண்டாம்.

வரலாற்றுக்குக் கால் மணி நேரம் போதும். பர்மாவில் செட்டியார்களின் வட்டித் தொழில் செழித்ததும், அங்கிருந்து தேக்கு வந்ததும், 1942-ல் ஜப்பான் ரங்கூனைப் பிடித்தபின் அந்த வருமானம் நின்றதும் தெரிந்தால், இத்தனை பெரிய வீடுகள் ஏன் பராமரிப்பில்லாமல் போயின என்பது புரிந்துவிடும். செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருப்பதையும் சொல்லுங்கள்.

அப்புறம் கொத்தனாரைப் பேச விடுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த வயதான கொத்தனார் ஒருவர் கிடைத்தால் அவர்தான் அன்றைய முக்கியப் பேச்சாளர். மேடைப் பேச்சு அவருக்கு வராது. பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேளுங்கள். சிமெண்ட் பூசி ஒட்டுப்போட்ட சுவர் ஒன்று எந்த வீட்டிலும் இருக்கும். எல்லோரையும் அங்கே கூட்டிப்போய்த் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பொத்தென்று சத்தம் வரும். சுண்ணாம்புச் சுவரில் ஏறும் ஈரம் வெளிக்காற்றில் காய்ந்துவிடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நிற்கும், உப்புப் பூக்கும், கடைசியில் பழைய பூச்சையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழும். விரலால் தொட்டுப் பார்த்தவர் அடுத்த முறை சிமெண்ட் மூட்டை வாங்க யோசிப்பார். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்கிறவர் வந்தால் இன்னும் நல்லது. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றிச் செய்வதால்தான் அந்தப் பளபளப்பு. சூளையில் சுடுவதே இல்லை என்று கேட்டால் இந்த ஊர்ப் பிள்ளைகளே வியந்துபோகிறார்கள்.

ஆச்சிமார்களிடம் "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். எந்த அறை யாருக்கு, நெல் எங்கே கொட்டினார்கள், கல்யாணப் பந்தி எங்கே நடந்தது என்று கேளுங்கள். பேசுவதை அவர்கள் சம்மதத்தோடு போனில் பதிவு செய்து வையுங்கள். இது போனால் திரும்பக் கிடைக்காது.

காப்பியும் வெள்ளைப் பணியாரமும் கொடுத்த பிறகு கூரைப் பேச்சை எடுங்கள். இந்த வீடுகளைச் சாய்ப்பது பெரும்பாலும் உடைந்த ஓட்டின் வழியே இறங்கும் மழைதான். இரண்டு சரிவுகள் சேரும் இடத்தில் சருகு அடைத்தால் தண்ணீர் நேராகத் தேக்கு உத்தரத்தில் இறங்கும். ஐப்பசி மழைக்கு முன், புரட்டாசியிலேயே ஆள் ஏற்றிச் சருகை அள்ளி, உடைந்த ஓட்டை மாற்ற வேண்டும். சாவி யாரிடம், ஆள் கூலி யார் பொறுப்பு, எந்தப் பங்குக்கு எவ்வளவு என்பதை அங்கேயே ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். யாராவது பிறகு சொல்கிறேன் என்றால், அவர் ஊரிலிருந்து கிளம்புவதற்குள் வீட்டுக்கே போய்க் கேட்டுவிடுங்கள்.