கூலன்ட் நாறாமல் இருக்க ஒரு டைமர்

சேலத்தில் லேத், சி.என்.சி. பட்டறை வைத்திருப்பவர்கள் கூலன்ட் (வெட்டும்போது சூடு தணிக்க ஊற்றும், தண்ணீர் கலந்த திரவம்) தொட்டியில் சின்ன பெல்ட் ஸ்கிம்மர் (மிதக்கும் எண்ணெயைப் பட்டையால் வழித்தெடுக்கும் கருவி) ஒன்றை மாட்டி, பிளக் டைமரில் இணைத்து, காலையில் மெஷின் போடுவதற்கு முன் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். மெஷினிலிருந்து கசியும் ஸ்லைடுவே ஆயில் (நகரும் பாகங்கள் வழுக்கி ஓட விடும் எண்ணெய்) இரவில் மேலே படலமாக மிதந்து காற்றை மறைக்கும். அதனால்தான் காற்றில்லாமல் வளரும் பாக்டீரியா பெருகி அந்த அழுகிய முட்டை வாடை. பம்பு ஓடும்போது எண்ணெய் கலங்கிவிடும், வழிக்க வராது. ஞாயிறு விடுமுறைக்குப் பிறகு, அதுவும் நம்ம ஊர் சித்திரை வெயிலில், திங்கட்கிழமை கூடுதல் நேரம் வையுங்கள். வழித்த எண்ணெயை சாக்கடையில் விடாமல், அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுங்கள்.

தண்ணீர் கலக்காத கட்டிங் ஆயிலுக்கு இது உதவாது. ஏற்கெனவே நாறிப்போன கூலன்டையும் மீட்காது. தொட்டியைக் கழுவிப் புதிதாக ஊற்ற வேண்டியதுதான்.