ஓய்வுகாலத்தில் மலையகத்துக்குத் திரும்புவோர் கவனத்துக்கு: பிரஜாவுரிமை, விசா, ஓய்வூதியம், வரி

இலண்டனிலோ டொரன்டோவிலோ மெல்பேர்ணிலோ முப்பது நாற்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்ற மலையகத் தமிழர் பலர், மீதிக் காலத்தை ஹட்டனிலோ பண்டாரவளையிலோ நுவரெலியாவிலோ கழிக்க எண்ணும்போது பெரும்பாலும் முதலில் தேடுவது வீட்டைத்தான். அந்த வரிசை பிழையானது என்பதே இக்கட்டுரையின் அடிப்படை. நீங்கள் எந்தத் தகுதியில் இந்நாட்டில் வாழப் போகிறீர்கள் என்பது முடிவாகாமல், காணி உங்கள் பெயரில் எழுதப்படுமா, மாதம் எவ்வளவு பணம் கொண்டுவர வேண்டும், ஓய்வூதியம் முழுமையாக வருமா என்ற எந்தக் கேள்விக்கும் விடை கிடைக்காது. ஆகவே முதலில் பிரஜாவுரிமை, அடுத்து ஓய்வூதியம், அதன்பின் வரி, கடைசியில் வீடு என்ற ஒழுங்கில் செல்வது நல்லது.

வெளிநாட்டுப் பிரஜாவுரிமை பெற்றபோது இலங்கைப் பிரஜாவுரிமையை இழந்தவர்கள், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் அதனை மீளப் பெற்று இரட்டைப் பிரஜைகளாகலாம். 55 வயதைக் கடந்திருப்பதே விண்ணப்பிக்கப் போதுமான ஒரு தகுதி என்பதால், ஓய்வுபெற்றோர் சொத்து மதிப்பையோ வங்கி வைப்பையோ காட்டித் தகுதி நிறுவ வேண்டியதில்லை. ஆனால், ஏனைய இலங்கையர் எதிர்கொள்ளாத ஒரு சிக்கல் மலையகத்தில் பிறந்தவருக்கு இங்கேதான் எழுகிறது. இழந்ததைத்தான் மீளப் பெற முடியும். அப்படியாயின், முன்பு இலங்கைப் பிரஜையாக இருந்தீர்கள் என்பதை நிரூபித்தாக வேண்டும். 1948இன் சட்டம் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியதால், தலவாக்கலையிலோ பொகவந்தலாவையிலோ பிறந்ததற்கான பிறப்புச் சான்றிதழ் மட்டும் அதற்குப் போதாமற் போகலாம். நீங்களோ உங்கள் தந்தையோ எந்தச் சட்டத்தின் கீழ் பிரஜாவுரிமை பெற்றீர்கள் என்பதைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

அந்தத் தேடலுக்கு நான்கு சட்டங்களை நினைவில் வைத்திருப்பது உதவும். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு பகுதியினர் பதிவுப் பிரஜைகளானார்கள். நாடற்றோரை இலங்கையும் இந்தியாவும் பகிர்ந்து ஏற்பதென 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்திய 1967ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இன்னொரு பகுதியினருக்கு அவ்வுரிமை கிடைத்தது. எஞ்சியிருந்தோருக்கு 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும், இறுதியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் வழி திறந்தன. பழைய சான்றிதழ்களில் குடும்பத் தலைவரின் பெயரோடு மனைவி, வயதுவராத பிள்ளைகளின் பெயர்களும் சேர்க்கப்பட்டிருக்கும் நேர்வுகள் உண்டு. எனவே தந்தையின் தகரப் பெட்டியில் மடித்து வைக்கப்பட்ட ஒற்றைத் தாளே நான்கு சகோதரர்களுக்கும் ஆதாரமாக அமையலாம். மூத்தவர் வீட்டில் இருக்கும் அந்தத் தாளின் உறுதிப்படுத்திய பிரதியை எல்லோரும் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. நாடற்றவராகவே வெளியேறி, இலங்கைப் பிரஜையாக ஒருபோதும் இருக்காமலே பிரித்தானியரோ கனடியரோ ஆனவருக்கு மீளப் பெறுவதற்கு எதுவுமில்லை; அவர் கீழே சொல்லப்படும் விசா வழியையே நாட வேண்டும்.

பெயர் வேறுபாடுகள் இதற்கு அடுத்த தலைவலி. தோட்ட நிர்வாகத்தின் அறிவிப்பின்பேரில் பதிவான பிறப்பு அத்தாட்சியில் ‘லெட்சுமி’ என்றும், பாடசாலைச் சான்றிதழில் ‘லட்சுமி’ என்றும், வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் கணவரின் பெயரை ஒட்டிய இன்னொரு வடிவிலும் இருக்கும் ஒருவர், மூன்றும் தாமே என்பதைச் சத்தியக் கடதாசி மூலம் உறுதிப்படுத்த வேண்டியிருக்கும். பிறப்புப் பதிவே இல்லையென்றால், பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளர் ஊடாக அதற்கான தேடலை ஆரம்பிக்க வேண்டும். இந்த வேலைகளை வெளிநாட்டில் இருந்துகொண்டு உறவினர் மூலம் செய்வதைவிட, ஒரு விடுமுறையை இதற்கென்றே ஒதுக்கி நேரில் வந்து முடிப்பது விரைவானது. விண்ணப்பத்துடன் நீங்கள் வாழ்ந்த நாட்டின் பொலிஸ் சான்றிதழும் கோரப்படும்; அது குறுகிய காலத்துக்கே ஏற்கப்படும் ஆவணம் என்பதால், ஏனைய பத்திரங்கள் யாவும் சேர்ந்த பின்னரே அதற்கு விண்ணப்பிக்கவும்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். நீங்கள் இப்போது பிரஜையாக உள்ள நாடும் இரட்டைப் பிரஜாவுரிமையை அனுமதிக்க வேண்டும். பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, சுவிட்சர்லாந்து ஆகியன அனுமதிக்கின்றன. நோர்வே 2020இலிருந்தும் ஜேர்மனி 2024 ஜூன் மாதத்திலிருந்தும் அனுமதிக்கின்றன. இந்தியா அனுமதிப்பதில்லை. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா சென்று நீலகிரியிலும் பிற இடங்களிலும் குடியேறியவர்கள், இலங்கைப் பிரஜாவுரிமையைப் பெற்றால் இந்தியப் பிரஜாவுரிமையை இழப்பார்கள் என்பதை மனத்தில் கொண்டே முடிவெடுக்க வேண்டும்.

இரட்டைப் பிரஜாவுரிமை கிடைக்காதவருக்கு அல்லது வேண்டாதவருக்கு, 55 வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவருக்கான ‘மை ட்ரீம் ஹோம்’ வதிவிட விசா இருக்கிறது. பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் இதனை வழங்குகிறது. இத்திட்டத்தின்படி இலங்கை வங்கியொன்றில் 15,000 அமெரிக்க டொலர் வைப்பிலிடப்பட வேண்டும். அதற்கு மேலதிகமாக, பிரதான விண்ணப்பதாரருக்கு மாதம் 1,500 டொலரும் உடன் தங்கும் வாழ்க்கைத்துணைக்கு 750 டொலரும் வெளிநாட்டிலிருந்து அனுப்பப்பட வேண்டும். விசாவைப் புதுப்பிக்கும்போது அந்தப் பணம் மாதந்தோறும் வந்ததா என்பதை வங்கிக் கூற்றுக்கள் காட்ட வேண்டும் என்பதால், ஆறு மாதத்துக்கானதை ஒரே தடவையில் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருப்பது உசிதமல்ல. இவ்விசாவில் தொழில் புரிய முடியாது. நண்பரின் விருந்தினர் விடுதிக் கணக்குகளைச் சம்பளத்துக்குப் பார்ப்பதும் தொழில்தான். தொகைகளும் நிபந்தனைகளும் வர்த்தமானி மூலம் மாற்றப்படக்கூடியவை. விண்ணப்பிக்கும் வாரத்தில் திணைக்களத்தின் அப்போதைய படிவத்தையே பின்பற்றவும்.

இந்தத் தொகைகளை ஓய்வூதியத்துடன் ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு கசப்பான உண்மை புலப்படும். பிரித்தானியாவின் புதிய அரச ஓய்வூதியத்தின் முழுத்தொகை 2025/26இல் வாரத்துக்கு 230.25 பவுண், மாதக் கணக்கில் ஆயிரம் பவுணுக்குச் சற்றுக் குறைவு. பவுண் ஒன்றுக்கு 1.35 டொலர் என்று வைத்துக்கொண்டாலும் அது 1,350 டொலரை எட்டாது. தனி ஒருவருக்கான 1,500 டொலர் நிபந்தனையையே அது நிறைவேற்றாது. தொழில்வழி ஓய்வூதியமோ வீட்டு வாடகை வருமானமோ இல்லாதவருக்கு இவ்விசா பெரும்பாலும் எட்டாக்கனியே. பழைய பத்திரங்களைத் தேடும் சிரமத்தை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இதுதான்: இரட்டைப் பிரஜைக்கு மாதாந்தப் பண நிபந்தனை எதுவும் இல்லை.

பிரித்தானிய ஓய்வூதியத்தில் இன்னொரு பொறியும் உண்டு. இலங்கையில் வதிவோருக்கு அரச ஓய்வூதியம் ஆண்டுதோறும் உயர்த்தப்படுவதில்லை. வந்து குடியேறிய நாளில் பெற்ற தொகையே வாழ்நாள் முழுதும் தொடரும். 2016இல் முழுத்தொகையான 155.65 பவுணுடன் கண்டிக்கு வந்து தங்கிவிட்டவர் இன்றும் அதனையே பெறுகிறார். பிரித்தானியாவில் இருக்கும் நாட்களுக்கு மட்டும் உயர்த்திய தொகை கிடைக்கும். எனவே செலவுத் திட்டம் போடும்போது, இன்றைய ஓய்வூதியத்தைப் பத்தாண்டுகளுக்குப் பிந்திய விலைவாசியுடன் பொருத்திப் பார்க்க வேண்டும். கனடாவின் முதியோர் பாதுகாப்பு ஓய்வூதியமோ, 18 வயதுக்குப் பின் 20 ஆண்டுகளேனும் அங்கு வாழ்ந்தவருக்கே வெளிநாட்டில் தொடர்ந்து கிடைக்கும். அதற்குக் குறைந்தவர்களுக்கு ஆறு மாதங்களுக்குப் பின் நின்றுவிடும். குறைந்த வருமானமுள்ளோருக்கு அதனுடன் வழங்கப்படும் உத்தரவாத மேலதிகத் தொகை, எத்தனை ஆண்டுகள் வாழ்ந்திருந்தாலும், ஆறு மாதங்களுக்கு மேல் வெளியில் இருந்தால் நின்றுவிடும். அவுஸ்திரேலிய முதியோர் ஓய்வூதியம் வெளிநாட்டில் கிடைக்கும். ஆனால் 26 வாரங்களின் பின், உழைக்கும் வயதில் 35 ஆண்டுகள் அங்கு வதியாதவருக்கு அதற்கேற்ப விகிதம் குறையும். அவுஸ்திரேலியாவில் வதியும்போதே விண்ணப்பித்துவிட வேண்டும் என்பதால், ஓய்வூதிய வயதுக்கு ஓராண்டு முன்னர் ஊர் திரும்புவது நட்டத்தில் முடியலாம்.

இவற்றுடன், உயிருடன் இருப்பதை அறிவிக்கும் கடமையும் சேர்கிறது. இலங்கை அரச ஓய்வூதியர் கிராம உத்தியோகத்தரிடம் உயிர்வாழ் சான்றிதழ் பெறுவது நாமறிந்ததே. பிரித்தானிய ஓய்வூதியருக்கு அத்தகைய படிவம் தபாலில் வரும். உறவினரல்லாத, தகுதியுள்ள சாட்சியொருவரின் கையொப்பத்துடன் 16 வாரங்களுக்குள் அது திரும்பிச் சேராவிட்டால் கொடுப்பனவு நிறுத்தப்படும். தோட்ட முகவரிக்கு வரும் கடிதங்கள் தோட்ட அலுவலகத்தில் தேங்கிக் கிடப்பதும், ஒரே பெயருள்ள வேறொருவரின் லயத்துக்குப் போய்ச் சேர்வதும் மலையகத்தில் புதிதல்ல. நகரத் தபாலகத்தில் ஒரு தபால் பெட்டியைப் பெற்று, அந்த முகவரியையே ஓய்வூதிய அலுவலகம், வங்கி, வரித் திணைக்களம் ஆகிய மூன்றுக்கும் கொடுப்பது சிறு செலவில் பெரிய பாதுகாப்பு.

இனி வரி. இலங்கையின் மதிப்பீட்டாண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. பிரித்தானிய வரியாண்டு ஏப்ரல் 5இலும், அவுஸ்திரேலிய வரியாண்டு ஜூன் 30இலும், கனடிய வரியாண்டு டிசம்பர் 31இலும் முடிவதால், ஒரே வருமானத்தை இரு நாட்டு ஆண்டுகளுக்குப் பிரித்து எழுத வேண்டி வரும். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி, குறித்த ஆண்டில் தொடங்கும் அல்லது முடியும் எந்தவொரு பன்னிரண்டு மாதக் காலத்திலும் மொத்தமாக 183 நாட்கள் அல்லது அதற்கு மேல் இங்கிருப்பவர் அந்த ஆண்டின் வதிவாளர் ஆவார். 2025 நவம்பர் 1ஆம் திகதி வந்திறங்கி, இடையில் வெளியேறாமல் 2026 மே மாத நடுப்பகுதி வரை தங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மார்ச் 31 வரை அவர் இருந்த நாட்கள் 151 மட்டுமே. எனினும் நவம்பரில் தொடங்கும் பன்னிரண்டு மாதக் காலத்தில் 183 நாட்கள் நிறைவாவதால், முடிந்துபோன 2025/26 ஆண்டுக்கும் அவர் வதிவாளராகிவிடுவார். மார்ச்சுடன் கணக்கு முடிந்தது என்று நினைப்போர் தடுமாறும் இடம் இதுவே. வதிவாளரின் உலகளாவிய வருமானம் முழுவதும் இங்கு வரிக்கு உட்படும்; வதிவாளரல்லாதவருக்கு இலங்கையில் எழும் வருமானம் மட்டுமே உட்படும்.

2025 ஏப்ரல் முதல் வதிவாளருக்கு ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா தனிநபர் விடுதொகை உண்டு. அதற்கு மேற்பட்ட முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதமும், பின்னர் படிப்படியாக 36 சதவீதம் வரையும் வரி அறவிடப்படும். வங்கி வட்டியில் 10 சதவீதம் முன்கூட்டியே கழிக்கப்படுகிறது. நிலையான வைப்பிலிருந்து ஆண்டுக்கு 24 இலட்சம் ரூபா வட்டி பெற்று வேறு வருமானம் இல்லாத ஒருவருக்கு உண்மையான வரி 36,000 ரூபாதான்; ஆனால் வங்கி 240,000 ரூபாவைக் கழித்திருக்கும். எஞ்சிய 204,000 ரூபாவைத் திரும்பப் பெற, வரி செலுத்துனர் அடையாள இலக்கம் பெற்று, நவம்பர் 30க்கு முன் விபரத்திரட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். மொத்த வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர், வங்கியில் சுயபிரகடனம் கொடுத்து இக்கழிப்பையே தவிர்க்கலாம்.

வெளிநாட்டு ஓய்வூதியத்தைப் பொறுத்தவரை, இலங்கை பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, இந்தியா, ஜேர்மனி, சுவிட்சர்லாந்து, நோர்வே முதலிய நாடுகளுடன் இரட்டை வரித் தவிர்ப்பு உடன்படிக்கைகளைச் செய்துள்ளது. ஒவ்வொன்றிலும் ஓய்வூதியத்துக்கெனத் தனி உறுப்புரை இருக்கும். அரச சேவை ஓய்வூதியமும் தனியார் ஓய்வூதியமும் வெவ்வேறாக நடத்தப்படுவது வழக்கம். உங்கள் நாட்டின் உடன்படிக்கையில் அந்த உறுப்புரையைப் படித்து, உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் கண்டிப் பிராந்திய அலுவலகத்தில் எழுத்துமூலம் விளக்கம் கேட்டுக்கொள்ளவும். வரி எந்த நாட்டில் செலுத்தப்பட வேண்டும் என்று உறுதியான பின், திணைக்களத்திடம் வதிவிடச் சான்றிதழ் பெற்று ஓய்வூதியம் வழங்கும் நாட்டின் வரி அலுவலகத்துக்கு அனுப்பினால்தான் அங்கு கழிப்பு நிற்கும். அங்கு ஏற்கெனவே செலுத்திய வரியை இங்கு வரவு வைக்க ஆண்டிறுதிக் கூற்று அவசியம்.

வீடு கடைசியில் வரட்டும் என்றேன். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவரின் பெயருக்குக் காணி உரிமை மாற்றப்படுவதைத் தடுக்கிறது; இரட்டைப் பிரஜைகளுக்கும், உரித்தாளராக மரபுரிமையில் பெறும் நெருங்கிய உறவினருக்கும் விலக்குண்டு. ஏனையோர் குத்தகைக்கு எடுக்கலாம். தம்பி பெயரில் உறுதியை எழுதிவிட்டு அண்ணன் பணம் கொடுக்கும் ஏற்பாட்டை நொத்தாரிசு எவ்வளவு இலகுவாகச் சொன்னாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். தம்பி காலமானால் அந்த வீடு அவரது பிள்ளைகளுக்கே உரியது. காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணிகளைப் பிரதேச செயலாளரின் அனுமதியின்றிக் கைமாற்ற முடியாது. முற்பணம் கொடுக்குமுன் காணிப் பதிவகத்தில் உறுதியின் வரலாற்றைத் தேடிப் பார்ப்பதுடன், சரிவில் அமைந்த காணியாயின் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையையும் பெற்றுக்கொள்ளவும்.