வீட்டில் தோல் வேலையா? பிரஸ்ஸை அப்புறம் பார்க்கலாம்

மும்பை ஃபிளாட்டில் தோல் வேலை தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது பிரஸ் (பட்டன், முத்திரை எல்லாம் தோலில் அழுத்திப் போடும் கருவி) பற்றித்தான். பர்ஸ், கார்டு ஹோல்டர் அளவுக்கு அது உடனே தேவையில்லை. நல்ல கத்தி, ஸ்டீல் ஸ்கேல், 4 மி.மீ. இடைவெளியில் பற்கள் உள்ள தையல் உளி (தையலுக்கு ஓட்டை போடுவது), இரண்டு ஊசி, மெழுகு நூல் போதும். காசை உளியில் போடுங்கள். மலிவான உளியின் பற்கள் மழுங்கலாக இருக்கும். தோலுக்குள் இறங்கி மாட்டிக்கொள்ளும், இழுத்தால் ஓட்டை கிழியும். உளியை இரும்புச் சுத்தியலால் அடிக்காதீர்கள், தலை நசுங்கிவிடும். நைலான் அல்லது மரச் சுத்தி வாங்குங்கள்.

தட்டும் சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்கும். பிரஸ்ஸின் நிஜமான பயன் அங்கேதான். ஒரு டன் ஆர்பர் பிரஸ் (கைப்பிடியை இழுத்து அழுத்தும் வகை) சத்தமில்லாமல் பிரஸ் பட்டன், ரிவெட், சின்ன முத்திரை எல்லாம் போடும். பர்ஸ் முழுவதையும் ஒரே டையில் (வடிவமாக வெட்டும் அச்சு) வெட்ட அது பத்தாது. வெட்டும் விளிம்பு நீளமாக ஆக அழுத்தமும் அதிகம் வேண்டும். வாங்கும்போது மேலும் கீழும் போகும் அழுத்துத் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பட்டன் கோணலாக உட்காரும். மேஜையில் போல்ட் போட்டு இறுக்குவதும் அவசியம்.

தோல் வியாபாரம் நடக்கும் தாராவிக்குப் போனால் நம் ஊர்க்காரர்களிடமே தமிழில் விசாரிக்கலாம். பழகத் துண்டுத் தோலும் கேட்டுப் பாருங்கள். மழைக்காலத்தில் கருவிகளுக்கு எண்ணெய் தடவுங்கள், தோலைத் தொடுமுன் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் படியும் எண்ணெய்க் கறை போகாது.