டயலை மயிரிழையும் சாயாமல் பூட்டுவது

கைக்கடிகாரத்தின் டயல் சற்றே கோணலாக இருப்பது ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால், அதன் பிறகு மணி பார்க்கும்போதெல்லாம் மணி தெரிவதில்லை, கோணல்தான் தெரிகிறது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனையும் மிச்சமிருக்கும் ரப்பர் மரமும் சூழ்ந்த ஒரு தாமானில் (வீடமைப்புக் குடியிருப்பில்), விடியற்காலையில் சன்னலோர மேசையில் அமர்ந்து கடிகாரம் பூட்டுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவன் நான். வீட்டிலேயே கடிகாரம் கோப்பவர்கள் பெரும்பாலும் வாங்குவது செய்கோ குழுமத்தின் என்எச்35 இயந்திரம் என்பதால், கீழே வரும் அளவுகளும் முறைகளும் அதற்கும் அதில் பொருந்தும் 28.5 மி.மீ. டயலுக்கும் உரியவை.

முதலில் கணக்கு. அந்த டயலின் விளிம்பில் ஒரு நிமிடக் கோட்டிற்கும் அடுத்த கோட்டிற்கும் இடையே 6 பாகை, அதாவது ஏறத்தாழ 1.5 மி.மீ. இருக்கிறது, ஒரு பாகை என்பது 0.25 மி.மீ. தான். 25 செ.மீ. தொலைவிலிருந்து பார்க்கும்போது, 0.07 மி.மீ. இடைவெளியில் உள்ள இரண்டு புள்ளிகளைத்தான் நல்ல கண்ணால் தனித்தனியாகப் பிரித்தறிய முடியும். ஆனால், முனையோடு முனை சேர்ந்து நிற்கவேண்டிய இரண்டு கோடுகளில் ஒன்று விலகியிருந்தால், அதைவிடப் பல மடங்கு நுண்ணிய விலகலையும் அதே கண் கண்டுகொள்ளும். டயலின் 12 மணிக் கோடும் அதைச் சுற்றியுள்ள உள்வளையத்தின் கோடும் இம்மி பிசகினாலும் உறுத்துவதற்கும், டயல் முழுவதும் கடிகாரத்தின் உலோகக் கூட்டுக்குள் அரைப் பாகை திரும்பியிருந்தாலும் பலருக்குத் தெரியாமல் போவதற்கும் காரணம் இதுதான். ஆகவே, அருகருகே நிற்கும் கோடுகளுக்கே முதலிடம் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

பின்மூடியைத் திறப்பதற்கு முன் எது கோணல் என்பதைத் தீர்மானித்துவிட வேண்டும். டயல், உள்வளையம், கண்ணாடியைச் சுற்றி வெளியே திருகும் வளையமான பெசல் ஆகிய மூன்றில் எதுவும் குற்றவாளியாக இருக்கலாம்; சில வேளைகளில் மூன்றுமே நேராக இருந்து, நம் பார்வைதான் சாய்ந்திருக்கும். கடிகாரத்தைக் கட்டப் பெட்டி போட்ட தாளின்மேல் வைத்து, வார் மாட்டும் நான்கு காதுகளும் தாளின் கோடுகளோடு ஒத்து நிற்குமாறு திருப்பி, கைப்பேசியை 40 செ.மீ. உயரத்தில் பிடித்து, உருவத்தைப் பெரிதாக்கிப் படம் எடுங்கள். மிக நெருக்கமாக வைத்து எடுக்கும் படத்தில் வட்டம் பிதுங்கிப் பொய் சொல்லும். கைப்பேசி நேர்மேலே இருக்கிறதா என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு: கடிகாரக் கண்ணாடியில் தெரியும் கேமரா வில்லையின் பிம்பம் முட்களின் நடு அச்சில் விழ வேண்டும். அது விழாத படத்தை அழித்துவிடுங்கள்.

படத்தில் 12, 6 ஆகிய இரண்டு இடங்களையும் சேர்த்தே பாருங்கள். 12இல் டயலின் கோடு வலப்பக்கமும் 6இல் இடப்பக்கமும் விலகியிருந்தால் டயல் சுழன்றிருக்கிறது. இரண்டு இடத்திலும் வலப்பக்கமே விலகியிருந்தால் அது சுழலவில்லை, மையத்தை விட்டு நகர்ந்திருக்கிறது. இவ்விரண்டிற்கும் மருந்து வேறு வேறு. நகர்ந்த டயலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒரு மாதத்தை வீணாக்கிய அனுபவம் எனக்கு உண்டு.

டயல் கூட்டோடு நேரடியாக எந்த வகையிலும் பிணைக்கப்படவில்லை என்பதைப் பலர் யோசிப்பதில்லை. டயல் தன் இரண்டு கால்களால் இயந்திரத்தில் நிற்கிறது. இயந்திரம் ஒரு பிளாஸ்டிக் வளையத்திற்குள் அமர்கிறது. அந்த இயந்திரம் கூட்டுக்குள் சுழன்றுவிடாமல் தடுப்பது, மணி திருப்பும் குமிழான சாவியிலிருந்து பக்கவாட்டில் நுழையும் சாவித் தண்டு. ஆகவே சாவியைப் பிடித்து மேலும் கீழுமாக மெல்ல அசைக்கும்போது டயலும் சேர்ந்து அசைந்தால், டயலைக் குறை சொல்லிப் பயனில்லை. இயந்திரம் அதன் வளையத்தில் தளர்ந்திருக்கிறது. வளையத்தை மாற்றுவதோ, அதன் வெளிவிளிம்பில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் செருகுவதோ போதும்.

திறக்கும் நாளில் மின்விசிறியை நிறுத்துங்கள். நம் ஊர் வெக்கையில் இது தவம்தான், ஆனால் 0.2 மி.மீ. துளையுள்ள வினாடி முள் விசிறிக் காற்றில் பறந்துபோனால் பாய் முழுக்கத் தடவினாலும் அகப்படாது. அதனால்தான் காலை ஆறரை மணியைத் தேர்ந்தெடுத்தேன். விரல்நுனிகளுக்கு ரப்பர் உறை போட்டுக்கொள்ள வேண்டும். வியர்வைக் கை பட்ட டயலில் சில வாரங்களில் கறை எழும். தூசு மூடுவதற்கு என்னிடம் இருப்பது அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டிய காலத்து, மரத்தில் பால் பிடிக்கும் மங்கு ஒன்று. கழுவித் துடைத்துக் கவிழ்த்தால் டயலும் முட்களும் அதற்குள் பத்திரமாக அடங்கிவிடும். பட்டையை வெட்டும்போது மரத்திற்குக் காயம் படாமல் ஒரு மில்லிமீட்டர் மீதம் வைக்கவேண்டும் என்பார் அவர். உருப்பெருக்கியை அவர் ஒருநாளும் தொட்டதில்லை.

சாவித் தண்டைக் கழற்ற, அதன் அருகிலுள்ள சிறு குழியை ஊசிமுனையால் மெல்ல அழுத்தியபடி சாவியை இழுக்க வேண்டும். முட்களைத் திருப்பும் கடைசி நிலைக்குச் சாவியை இழுத்து வைத்த நிலையில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். உள்ளிருக்கும் நெம்பு இடம் மாறினால், தண்டைத் திரும்ப நுழைத்தாலும் சாவி சொன்னபடி கேட்காது. இயந்திரம் வெளியே வந்ததும் முட்களை நெம்பி எடுக்கும்போது டயலின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்துக்கொள்ளுங்கள்.

இப்போது டயல் கால்கள். ஈடிஏ 2824 போன்ற சுவிஸ் இயந்திரங்களில் கால்களைப் பற்றிக்கொள்ளச் சிறு பூட்டுகள் உண்டு. என்எச்35இல் கால்கள் துளையில் இறுக்கமாக நிற்பதே பிடிமானம். தனியாக விற்கப்படும் டயல்கள் பலவற்றில் நான்கு கால்கள் இருக்கும். சாவி 3 மணியில் உள்ள கூட்டிற்கு இரண்டும், ஏறக்குறைய 4 மணியில் உள்ள கூட்டிற்கு இரண்டுமாக அவை அமைந்திருக்கும். வேண்டாத இரண்டை நாமே வெட்டிவிட வேண்டும். என் முதல் டயலில் பின்புறத்தைப் பார்த்து வெட்டியபோது இடம் வலமாகத் தோன்றும் என்பதை மறந்து, வேண்டிய இரண்டையும் வெட்டித் தொலைத்தேன். டயலை இயந்திரத்தின்மேல் வைத்து, தேதிச் சன்னலில் எண் நடுவாகத் தெரிகிறதா என்று உறுதிசெய்த பிறகே வெட்டுங்கள்.

கால் வளைந்திருந்தால் பித்தளை இடுக்கியால் அதன் நுனிப்பக்கமாகப் பிடித்து நிமிர்த்தலாம். அடியில் பிடித்து முறுக்கினால் கால் ஒடியும், அல்லது டயலின் முகத்தில் சிறு புடைப்பு எழும். சுழற்சி அரைப் பாகைக்குள் இருந்தால் வளைப்பதைக் காட்டிலும், எந்தப் பக்கம் திருப்ப வேண்டுமோ அந்தப் பக்கத்தில் இரண்டு கால்களையும் நுண்ணிய அரத்தால் சிறிதளவு தேய்த்து இடம் உண்டாக்குவதையே நான் விரும்புகிறேன். அதன்பின் டயல் தளர்ந்து நிற்கும் என்பதால், இருபுறமும் பசையுள்ள மிகச் சிறிய வட்ட ஒட்டிகளைத் தேதி வளையத்தில் படாத இடமாகப் பார்த்து இரண்டு மூன்று ஒட்ட வேண்டும். ஒட்டி தேதி வளையத்தைத் தொட்டால் நள்ளிரவில் தேதி மாறாமல் நிற்கும்.

உள்வளையம்தான் கோணல் என்றால் அதன் விளிம்பிலுள்ள சிறு நாக்கைப் பாருங்கள். கூட்டிலுள்ள வெட்டில் அந்த நாக்கு அமர்வதால்தான் வளையம் நிலைநிற்கிறது. நாக்கின் ஒரு பக்கத்தை 1000 எண் உப்புத்தாளில் இரண்டு இழுப்பு இழுத்துப் பொருத்திப் பார்த்து, மறுபடி இழுத்து, இப்படிப் பொறுமையாகக் குறைக்க வேண்டும். ஒட்ட நேர்ந்தால், நொடியில் ஒட்டும் உடனடிப் பசையை அண்ட விடாதீர்கள். அதன் ஆவி கண்ணாடியின் உட்புறத்தில் வெண்படலமாகப் படியும்.

டயல் நேரானாலும் முட்கள் பிசகினால் எல்லாம் கோணலாகவே தோன்றும். சாவியைத் திருப்பி, தேதி தாவும் அந்த நொடியில் நிறுத்தி, மணி முள்ளை 12இல் அழுத்துங்கள். பிறகு நிமிட முள்ளையும் அதே இடத்தில். மணி முள்ளின் துளை 1.5 மி.மீ., நிமிட முள்ளினது 0.9 மி.மீ. என்பதை வாங்கும்போதே சரிபார்த்துக்கொள்வது நலம். இப்போது 6 மணிக்குத் திருப்பினால் இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். 3இலும் 9இலும் செங்கோணம். பற்சக்கரங்களுக்கிடையே சிறு தளர்வு இருக்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் ஒரே திசையிலிருந்தே அந்த மணிக்கு வந்து சேருங்கள். இல்லையேல் ஒருமுறை சரியாகவும் மறுமுறை பிழையாகவும் தெரிந்து, தேவையில்லாமல் முள்ளைக் கழற்றிக்கொண்டிருப்பீர்கள். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் முள்ளின் துளை சிறிது தளர்கிறது. மூன்றாவது முறைக்குமேல் நான் துணிவதில்லை.

எல்லாவற்றையும் மறுபடி கூட்டுக்குள் இறக்கி, தண்டைச் செருகி, பின்மூடியைப் போடாமலே முன்போல் படம் எடுத்துப் பாருங்கள். விலகல் 0.1 மி.மீ.க்குள், அதாவது 0.4 பாகைக்குள் இருந்தால் நான் அங்கேயே நிறுத்திக்கொள்கிறேன். பெசல் மட்டும் அரைச் சொடுக்கு தள்ளி நின்றால், அதன் எண் தகட்டைச் சூடு காட்டிக் கழற்றித் திருப்பி ஒட்டும் வேலையை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பின்மூடியை மட்டும் மேசையில் இருந்தபடி அவசரமாக மூடிவிடாதீர்கள். மழை பெய்து ஓய்ந்த நம் ஊர்க் காற்றை உள்ளே வைத்துப் பூட்டினால், குளிரூட்டிய பேருந்தில் ஏறியதும் கண்ணாடிக்குள் பனி படரும். குளிரூட்டி ஒரு மணி நேரம் ஓடிய அறையில், ரப்பர் வளையத்தில் சிறிது சிலிக்கான் மசகு தடவி மூடுங்கள். அன்றிரவு கடிகாரத்தைக் கழற்றிப் பெட்டியில் வைக்காமல் 12 மணிவரை விழித்திருந்து, தேதி முழுமையாக மாறுகிறதா என்று பாருங்கள். இரவு 9 முதல் 1 மணிவரை சாவியால் தேதியைத் திருப்ப வேண்டாம். மூன்று நாள் கையில் கட்டியபின் மறுபடி ஒரு படம் எடுத்து, முதல் படத்தோடு ஒப்பிட்டால், ஒட்டிகள் நழுவினவா என்பது தெரிந்துவிடும்.