ஸ்கோபஸில் பெயர் இருக்கிறது, சைட் மட்டும் போலி: ஜர்னலைச் சரிபார்ப்பது எப்படி?

பிஎச்டி முதல் வருடத்தில் இருப்பவரை 'எமினென்ட் புரொஃபசர்' என்று அழைத்து, ஏழே நாளில் பேப்பர் போடுகிறோம் என்று வரும் மெயிலைப் படிக்காமலே டெலிட் செய்யலாம். நாமாகத் தேடிப் போகும் ஜர்னலில்தான் ஏமாறுகிறோம்.

முதலில், ஆய்வு ஜர்னல்களைப் பட்டியலிடும் தரவுத்தளமான ஸ்கோபஸின் சோர்சஸ் பக்கம். லாகின் தேவையில்லை. பெயரைப் போட்டுத் தேடாதீர்கள், ஒரே மாதிரிப் பெயர்கள் ஏராளம். ஜர்னலின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னைப் போடுங்கள். சைட்ஸ்கோரைப் (ஸ்கோபஸ் தரும் மேற்கோள் மதிப்பெண்) பார்ப்பதற்கு முன்னால் கவரேஜ் வருடங்களை, அதாவது எந்த வருடங்களின் கட்டுரைகள் ஸ்கோபஸில் சேர்ந்திருக்கின்றன என்பதை, பாருங்கள். பக்கத்தில் 'டிஸ்கன்டின்யூடு' என்று இருந்தால் மூடிவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் பணம் கட்ட அவசரப்படாதீர்கள். உண்மையான ஜர்னலின் பெயரையும் ஐஎஸ்எஸ்என்னையும் அப்படியே திருடி வேறு சைட் நடத்துகிறார்கள். கூகுளில் அதுவே முதலில் வரலாம். இந்தத் தொல்லையால் 2023 கடைசியில் ஸ்கோபஸே ஜர்னல்களின் ஹோம்பேஜ் லிங்க்குகளை எடுத்துவிட்டது.

அதனால் நான் பின்பக்கமாகப் போவேன். ஸ்கோபஸிலோ கூகுள் ஸ்காலரிலோ அந்த ஜர்னலின் நாலைந்து வருடப் பழைய கட்டுரை ஒன்றை எடுத்து, அதன் டிஓஐ-யை (கட்டுரையின் நிரந்தர அடையாள எண்) டிஓஐ.ஆர்க் தளத்தில் போடுங்கள். எந்த சைட்டுக்குப் போகிறது? உங்களிடம் பணம் கேட்கும் சைட்டின் முகவரியோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். நடுவில் ஒரு கோடு கூடியிருந்தாலும் சந்தேகப்படுங்கள். அந்த சைட்டில் புதிதாக வந்த கட்டுரையின் டிஓஐ-யையும் போடுங்கள். 'நாட் ஃபவுண்ட்' என்று வந்தால், அச்சடித்த எண் வெறும் அலங்காரம்.

அடுத்து, வாபஸ் பெறப்பட்ட கட்டுரைகளைக் கண்காணிக்கும் ரிட்ராக்‌ஷன் வாட்சின் ஹைஜாக்டு ஜர்னல் செக்கர். பெயர் திருடப்பட்ட ஜர்னல்களின் இலவசப் பட்டியல். காசுக்காக எதையும் போடும் ஜர்னல்கள் என்று சந்தேகிக்கப்பட்டவற்றைத் தொகுத்த பீல் பட்டியலைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். ஜெஃப்ரி பீல் தன் பட்டியலை 2017 ஜனவரியிலேயே எடுத்துவிட்டார், சுற்றுவதெல்லாம் நகல்கள். ஆனால் செக்கரில் பெயர் இல்லை என்பதற்காக நல்ல ஜர்னல் என்று நினைத்துவிடாதீர்கள், நேற்று முளைத்த போலி அதில் இருக்காது.

பிற்சேர்க்கை: 'யுஜிசி கேர் லிஸ்டில் இருக்கிறதே?' என்று பலர் கேட்கிறார்கள். ஏற்கத்தக்க ஜர்னல்களின் அந்தப் பட்டியலை யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. சைட்டில் போடும் 'யுஜிசி கேர்' பேனர் இப்போது எதற்கும் சான்றில்லை. 'குளோபல் இம்பாக்ட் ஃபேக்டர்' என்று போட்டிருந்தாலும் அப்படித்தான். ஜர்னலின் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதைச் சொல்லும் அசல் இம்பாக்ட் ஃபேக்டரைத் தருவது கிளாரிவேட் நிறுவனம் மட்டுமே.

ஏபிசி (கட்டுரை வெளியிட ஆசிரியரிடம் வாங்கும் கட்டணம்) கேட்டாலே போலி என்று ஒருவர் எழுதியிருந்தார். இல்லை, நல்ல ஓப்பன் ஆக்சஸ் ஜர்னல்களும் கட்டணம் வாங்குகின்றன. தனி ஆளின் ஜிபே எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் மட்டும் அங்கேயே நிறுத்துங்கள், காப்பிரைட் ஃபார்மிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.