500 வருஷத்துக்கு முந்தின ஐரோப்பிய அச்சுப் புக்க ஸ்கேன்ல பாக்குறது எப்படி

மொதப் பக்கத்துல வருஷம் தேடி டைம் வேஸ்ட் பண்ணாதீங்க, ஆரம்பத்துல டைட்டில் பேஜ்ங்கிற பழக்கமே கிடையாது, நேரா கடைசிப் பக்கத்துக்கு போங்க, அச்சடிச்சவர் பேரு, ஊரு, தேதி எல்லாம் அங்கதான் குட்டியா ஒரு பத்தியில இருக்கும். சிலதுல அதுவும் இருக்காது, 1455 வாக்குல வந்த குட்டன்பர்க் பைபிள்லயே இல்ல.

அடுத்து எழுத்து. கறுப்பா நெருக்கியடிச்சு கோணலா இருந்தா காத்திக். உருண்டையா தெளிவா இருந்தா ரோமன், இது இத்தாலி ஹ்யூமனிஸ்ட்டுங்க (பழைய கிரேக்க, லத்தீன் நூல்கள தேடிப் படிச்ச அறிஞருங்க) கையெழுத்துலருந்து வந்தது, அவங்க இத பண்டைய எழுத்துன்னு சொன்னாங்க, ஆனா பாத்து எழுதுனது பண்டைய ரோம் முடிஞ்சு ரொம்ப நாள் கழிச்சு, 800 வாக்குல ஆண்ட சார்லமேன் ராஜா காலத்துல உருவான ஸ்டைல, செம காமெடி.

புக்கு முழுக்க சாஞ்ச எழுத்தா? அப்போ 1501-லயோ அதுக்கு அப்புறமோதான் வந்திருக்கும், வெனிஸ்ல ஆல்டஸ் மனுஷியஸ்ங்கிற அச்சுக்காரர் அந்த வருஷம் போட்ட, ரோமானியக் கவிஞர் வெர்ஜிலோட புக்குதான் இதுல மொதல். நங்கூரத்துல டால்ஃபின் சுத்தியிருந்தா அவரு முத்திரை. இவரு புக்குகள பிரான்ஸ்ல இருக்கிற லியோன்ல திருட்டுத்தனமா காப்பியடிச்சாங்க, கடுப்பாகி 1503-ல அந்த காப்பில இருக்கிற தப்பையெல்லாம் லிஸ்ட் போட்டு அச்சடிச்சுட்டாரு மனுஷன்.

பத்தி ஆரம்பத்துல காலி கட்டம், நடுவுல பொடி எழுத்து இருந்தா அச்சுப்பிழை இல்லங்க, ஓவியர் பெரிய எழுத்து வரையறதுக்கு விட்ட இடம்.