குழந்தையின் கையில் முதல் துண்டு: பயந்து நிறுத்திய நான் மறுபடி தொடங்கிய விதம்

என் மகளுக்கு ஆறு மாதம் முடிந்ததும் மசித்த உணவு கொடுக்க ஆரம்பித்தேன். அதில் பெரிய சிக்கல் எதுவும் வரவில்லை. கையில் துண்டாகக் கொடுத்த முதல் நாளே பயந்துபோனேன். அதன்பின் மூன்று வாரம் துண்டு பக்கமே போகவில்லை. அந்தப் பயம் எப்படி விலகியது என்பதைத்தான் இங்கே அதிகமாக எழுதப் போகிறேன். மசிப்பது, ஸ்பூனில் ஊட்டுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

தொடங்கும் முன்

உலக சுகாதார நிறுவனம் இணை உணவை, அதாவது பாலோடு சேர்த்துக் கொடுக்கும் உணவை, தொடங்கச் சொல்வது 6 மாதத்தில். ஆனால் கையில் துண்டு கொடுக்க வயதை மட்டும் பார்த்தால் போதாது. தலை நன்றாக நின்றிருக்க வேண்டும். கொஞ்சம் பிடிமானம் இருந்தால் நிமிர்ந்து உட்கார வேண்டும். கண்ணில் பட்டதை எட்டி எடுத்து வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். வாயில் வைத்ததை நாக்கு வெளியே தள்ளிக்கொண்டே இருந்தால் இன்னும் சில நாள் பொறுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

உட்காரும் இடம் முக்கியம். சாய்ந்த நிலையில் துண்டு உணவு கூடவே கூடாது. பாதம் ஊன்றிக்கொள்ளக் கட்டை உள்ள உயரமான நாற்காலிதான் என் தேர்வு. கால் தொங்கினால் குழந்தை ஆடிக்கொண்டே இருக்கும், கவனம் வாய்க்கு வராது. கட்டை இல்லாத நாற்காலி என்றால் ஒரு பெட்டியைக் கட்டி வைத்தாலும் சரி.

எந்த அளவில் வெட்டுவது?

சின்னச் சின்னதாக நறுக்கினால் பாதுகாப்பு என்று நினைத்தேன். அது தவறு. 6 மாதக் குழந்தைக்கு விரல் நுனியால் கிள்ளி எடுக்கத் தெரியாது, முழு உள்ளங்கையால்தான் பிடிக்கும். பொடித் துண்டு முஷ்டிக்குள் மறைந்துவிடும். வாயில் போனால் மெல்லாமலே தொண்டைக்கு நழுவும். அதனால் நம் விரல் நீளம், விரல் தடிமன். பாதி கையில் இருக்க, மீதிப் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

பதம் பார்ப்பதற்கு ஒரே சோதனைதான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து லேசாக அழுத்துங்கள். கூழாக நசுங்கினால் கொடுக்கலாம். நசுங்காமல் எதிர்த்து நின்றால் மறுபடி வேக வையுங்கள். கேரட், உருளைக்கிழங்கு, பூசணி, ஆப்பிள் எல்லாமே ஆவியில் நன்றாக வெந்திருக்க வேண்டும். வாழைப்பழம் வழுக்குகிறதா? அடிப்பக்கம் தோலைக் கழுவி அப்படியே விட்டு, மேல்பாதியை மட்டும் உரித்துக் கொடுங்கள். வழுக்கும் மற்றவற்றை ஓட்ஸ் பொடியில் புரட்டினால் பிடி கிடைக்கும்.

ஏறக்குறைய 9 மாதத்தில் குழந்தை தரையில் கிடக்கும் நூலைக்கூடக் கிள்ளி எடுக்க ஆரம்பிக்கும். பட்டாணி அளவுத் துண்டுகளுக்கு மாறும் நேரம் அதுதான்.

நான் மாட்டிக்கொண்ட இடம்

முதல் நாள் வெந்த கேரட். இரண்டாவது வாயில் மகள் முகம் சிவந்தது, கண்ணில் நீர், நாக்கை நீட்டி ஓங்கரித்தாள். நான் பதறி அவள் வாய்க்குள் விரலை விட்டேன். துண்டு இன்னும் உள்ளே போனது. அவளே இருமி வெளியே தள்ளிவிட்டாள். எனக்குத்தான் கை நடுக்கம் நிற்கவில்லை.

பிறகு மருத்துவர் விளக்கினார். ஓங்கரிப்பது வேறு, மூச்சடைப்பது வேறு. பெரியவர்களுக்கு ஓங்கரிப்பு தூண்டப்படும் இடம் நாக்கின் பின்பகுதியில் இருக்கிறது. 6 மாதக் குழந்தைக்கு அது இன்னும் முன்னால் இருக்கிறது. மெல்லாத துண்டு தொண்டைக்குப் போகும் முன்பே உடல் அதை முன்னால் தள்ளிவிடுகிறது. குழந்தையின் காவல் அது. பழகப் பழக அந்த இடம் பின்னால் நகரும், ஓங்கரிப்பும் குறையும்.

வித்தியாசம் காதில் கேட்கும். ஓங்கரிக்கும் குழந்தையிடம் சத்தம் இருக்கும்: இருமும், உவ்வென்னும், முகம் சிவக்கும். மூச்சடைத்த குழந்தையிடம் சத்தம் இருக்காது, இருந்தாலும் மெல்லிய கீச்சொலிதான். அழ முடியாது, இருமல் வராது, உதடு நீலமாகும்.

சத்தம் இருக்கிறதா? கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே இருங்கள், முகத்தில் பதற்றம் காட்டாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத துண்டைத் தேடி விரலை விடவே விடாதீர்கள். சத்தம் இல்லையா? உடனே குழந்தையைக் கவிழ்த்து முன்கையில் கிடத்தி, தலை உடம்பைவிடத் தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தட்டு. வரவில்லை என்றால் மல்லாத்தி நெஞ்சின் நடுவில் 5 அழுத்தம். மாறி மாறிச் செய்யும்போதே இன்னொருவர் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். ஒரு வயதுக்குள் வயிற்றை அழுத்தக் கூடாது. இதைப் படித்து மட்டும் விட்டுவிடாமல், முதலுதவி வகுப்பில் பொம்மையை வைத்துக் கையால் செய்து பழகுங்கள். வகுப்புக்குப் போய் வந்த பிறகுதான் என்னால் மறுபடியும் ஒரு துண்டை அவள் கையில் கொடுக்க முடிந்தது.

வேண்டவே வேண்டாம்

முழு வேர்க்கடலை, முந்திரி, பாதாம், பாப்கார்ன், கடின மிட்டாய், பச்சைக் கேரட், வேகாத ஆப்பிள் துண்டு. திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டாமல் கொடுக்காதீர்கள்; அதன் உருண்டை வடிவம் மூச்சுக்குழாயை அப்படியே மூடிவிடும். தேன் ஒரு வயது வரை துளிகூட வேண்டாம். அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகள் குழந்தையின் குடலில் நச்சை உண்டாக்கலாம். உப்பு, சர்க்கரை சேர்க்காமலே கொடுங்கள். ஓடும்போது, தவழும்போது, காரில் போகும்போது சாப்பாடு இல்லை.

எதில் தொடங்குவது?

பிறக்கும்போது சேர்த்து வைத்த இரும்புச்சத்து 6 மாதம் வாக்கில் குறைந்துவிடுகிறது. அதனால் காய், பழத்தோடு நின்றுவிடாமல் நன்கு வெந்த முட்டை, மென்மையான இறைச்சி, மசித்த பருப்பு வகைகளும் சீக்கிரமே வரட்டும். ஒவ்வாமை தரக்கூடிய உணவுகளை ஒவ்வொன்றாக, காலையில், கொஞ்சமாகக் கொடுங்கள். முன்பெல்லாம் வேர்க்கடலையைத் தள்ளிப்போடச் சொன்னார்கள். 2015இல் வெளியான லீப் ஆய்வு, வேர்க்கடலை ஒவ்வாமை வரும் ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளுக்கு அதைச் சீக்கிரமே கொடுத்ததால் அந்த ஒவ்வாமை வெகுவாகக் குறைந்ததைக் காட்டியது. முழுக் கடலையாக அல்ல, வேறு உணவில் மெல்லியதாகக் கலந்து. கடுமையான எக்ஸிமா (தோல் சிவந்து அரிக்கும் நோய்) இருக்கும் குழந்தைக்கு முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

தாய்ப்பாலை அல்லது ஃபார்முலா பாலை நிறுத்த வேண்டாம். ஒரு வயது வரை முக்கிய உணவு அதுதான்.

கருவிகளில் என் பணம் உருப்படியாகப் போனது அலை அலையாக வெட்டும் கத்திக்கு மட்டும்தான். அந்த வரிகள் குழந்தைக்கு நல்ல பிடி. வலைப்பைக்குள் பழம் போட்டுச் சப்ப வைக்கும் சாதனத்தை நான் சொல்ல மாட்டேன். அதில் சப்பத்தான் பழகும், மெல்லப் பழகாது.

பிறகு சேர்த்தது

பல் முளைக்கவில்லையே என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். என் மகளுக்கும் முளைக்கவில்லை. மேலே சொன்ன பதத்தில் வெந்திருந்தால் ஈறே நசுக்கிவிடும்.

ஒரு அம்மா, வாழைப்பழம் கொடுத்த மறுநாள் மலத்தில் கறுப்பு நூல்கள் இருந்ததாகவும் புழு என்று பயந்துவிட்டதாகவும் எழுதியிருந்தார். அது பழத்தின் நார்தான், செரிக்கும்போது கறுத்துவிடுகிறது. பீட்ரூட் கொடுத்தால் சிவப்பாகவும் போகலாம். அந்தக் கறுப்பு நூல்கள் நகர்ந்தால், அல்லது பீட்ரூட் கொடுக்காத நாளில் சிவப்பு தெரிந்தால், மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

எல்லாவற்றையும் கீழே எறிகிறதே என்று கேட்டவர்களுக்கு: ஒரு நேரத்தில் ஒரு துண்டு, அதிகம் போனால் இரண்டு. தட்டு நிறைய வைத்தால் விளையாட்டாகிவிடுகிறது. மறுத்த உணவை மூன்று நாள் கழித்து மறுபடி வையுங்கள். என் மகள் பூசணியைப் பத்தாவது தடவைதான் வாயில் வைத்தாள்.